அடிக்கோடு போட்ட ஆறு

ஃபிலிம் காப்பக அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டு அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. படங்கள் பேச ஆரம்பிப்பதற்கு முந்தைய காலத்து ஃபிலிம் சுருள்கள் அறுந்தும் கிழிந்தும் வரும். அவற்றைத் துடைத்து, விரலால் ஓரம் தடவி, அறுந்த இடத்தை ஒட்டுவது அவள் வேலை. முப்பத்தொரு வருஷமாக ஒரே மேசை. நாற்காலியின் இடது கையில் அவள் முழங்கை படும் இடம் மட்டும் வார்னிஷ் போய் வெளுத்திருந்தது.

"ஒட்டும் இல்லை உறவும் இல்லைன்னு சண்டை போடறவங்களை எல்லாம் இங்க கூட்டிட்டு வரணும். அக்கா ஒட்டிக் காட்டுவாங்க" என்று கிடங்குக்காரர் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். முப்பது வருஷமாக அதே ஜோக்கு. அவருக்கு ஃபயர் என்று பட்டப்பெயர். நெருப்பு என்றால் அவ்வளவு பயம். பயப்படாமலும் முடியாது. அந்தக் காலத்து ஃபிலிம் வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் நின்று எரியும். அதனால் கிடங்குக்குள் ஒருவர் போனால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். ஃபயர் வெறுமனே குரல் கொடுக்க மாட்டார். தன் மச்சான் வீடு கட்டுகிற கதையைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவில் நிறுத்தி, "அக்கா?" என்பார். "இருக்கேன்" என்பாள். கதை தொடரும். பன்னிரண்டு வருஷமாகியும் மச்சான் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை.

வீட்டில் கணவர், எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஓய்வுக்குப் பிறகும் கண் தராசாகவே நின்றுவிட்டது. டம்ளரைத் தூக்கிப் பார்த்து, நேற்றைக்கு இன்றைக்கு ஒரு வாய் குறைவு என்பார். கோபம் இல்லை. பார்த்தார், சொன்னார், அவ்வளவுதான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒருநாள் கை ஓங்கியது கிடையாது. அவளுக்குத் தலைவலி என்றால் மாத்திரையும் தண்ணீரும் தேடி வரும். விழுங்குகிறவரை நின்று பார்ப்பார். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சந்தேகம் என்று சொல்ல முடியாது. முள் நடுவில் நின்றால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். குளியலறையில் இருந்தால்கூட வெளியிலிருந்து, "எங்க இருக்க?" அவர் ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடிக்கும்: "கிளம்பிட்டியா?" அதற்கு நாலு மணிச் சங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கொடுத்து வைத்தவள் என்றார்கள் எல்லோரும். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதரோடு குடித்தனம் செய்வதில் உள்ள கஷ்டம், அதை யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது என்பதுதான். அம்மாவிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். "உனக்குக் கொழுப்புடி" என்றாள் அம்மா. நியாயம்தான்.

நாற்பதாவது வயதில், மகன் வெளியூரில் விடுதியில் சேர்ந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று புடவையும் ஒரு சீப்பும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் தலை நிமிராமல், "எந்த ஊரு?" என்றான். அதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். ஒதுங்கி பெஞ்சில் போய் உட்கார்ந்து, எங்கே எங்கே போகிற பஸ்களோ, அவற்றின் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்று மணி நேரம் படித்தாள். ஒரு பலகையும் அவளைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து புடவைகளை மடித்து வைத்தாள். மாலை கணவர் வந்து செருப்பைக் கழற்றியபடி, "தண்ணி வந்துச்சா?" என்றார். "வந்துச்சு" என்றாள். அத்தோடு முடிந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அந்த டப்பா வந்தது.

இடிக்கப்போகிற ஒரு பழைய கொட்டகையின் மேடைக்கடியில் கிடைத்தது. துருப்பிடித்த டப்பா, உள்ளே தாளில் சுற்றிய ஒன்பது சின்னச் சுருள்கள். அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளை நீலச் சாயத்திலும் விளக்கொளிக் காட்சிகளை மஞ்சள் சாயத்திலும் முக்கியெடுத்து, பிறகுதான் வரிசைப்படி ஒட்டுவார்கள். இது ஒட்டுவதற்கு முன்னாலேயே எப்படியோ நின்றுபோன பிரதி. நடுவில் வசனம் காட்டுகிற எழுத்து அட்டைகள் இல்லை. படத்தின் பெயர் இல்லை. ஒவ்வொரு சுருளின் முனையிலும் படமில்லாமல் விட்ட கறுப்பு வாலில் ஆணியால் கீறிய எண் மட்டும் இருந்தது. அதை வைத்துத்தான் வரிசை.

வெறும் கறுப்பு வாலுக்குத் தலைகீழ் என்பது கிடையாது. எந்தப் பக்கமும் பிடிக்கலாம். ஆறு ஒன்பதாகும், ஒன்பது ஆறாகும். அதனால் ஆறுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிடுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. போடாமல் விட்டவன் திட்டு வாங்குவான்.

இரண்டு சுருள்கள் அப்படி. ஒன்று நீலம்: ஒரு பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போகிறாள், தெருமுனை திரும்புகிறாள். இன்னொன்று மஞ்சள்: அதே பெண் வீட்டுக்குள் வருகிறாள், கையில் ஒன்றுமில்லை, விளக்கை ஏற்றுகிறாள், உட்காருகிறாள், பிறகு அவள் முகம் மட்டும், நெடுநேரம். ஏழில் அந்தப் பெண் ரயில் நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எட்டில் கணவன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நீலச் சுருளின் வாலை ஒட்டு அக்கா விளக்குமேசையில் வைத்துப் பார்த்தாள். எண்ணுக்குக் கீழே கோடு இருந்தது. ஆணியால் இரண்டு தரம் அழுத்திக் கீறிய கோடு. அப்படியானால் போவது ஆறு. வருவது ஒன்பது. போனவள் திரும்பி வந்து, விளக்கேற்றி, உட்கார்ந்துவிடுகிறாள். படம் முடிந்தது.

ஃபயர் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா?" என்றார்.

"இருக்கேன்" என்றாள்.

ஆய்வு அட்டையில், "6, 9: குறி தெளிவில்லை" என்று எழுதினாள். பிறகு மஞ்சளை ஆறாவது இடத்திலும் நீலத்தைக் கடைசியிலும் வைத்து ஒட்டினாள். ஒட்டுப் பசை காய்கிற பத்து விநாடி மூச்சை அடக்கிக்கொள்வது அவள் வழக்கம். அன்றைக்குப் பத்தைத் தாண்டி எண்ணினாள்.

படத்துக்கு "போனவள்" என்று காப்பகம் பெயர் வைத்தது. முதல் காட்சியிலேயே பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கதவைத் திறந்து போய்த் தெருமுனை திரும்பி, அப்படியே முடிந்துவிடுகிற படம்! அந்தக் காலத்திலேயே! ஊர் ஊராகப் போனது. காப்பக வாசலில் அந்தக் கதவுக் காட்சியைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஒரு பேராசிரியர், ஏழாவது சுருளின் ரயில் நிலையம் உண்மையல்ல, அந்தப் பெண் காணும் கனவு என்று இருநூறு பக்கத்தில் புத்தகம் எழுதினார். அப்படித்தான் எழுத முடியும். வீட்டை விட்டுப் போவதற்கு முன்னாலேயே ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவளை வேறு என்ன செய்வது?

மஞ்சள் சுருளின் நீண்ட முகம் மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. நடுவில் வந்து கதையை நிறுத்தியது. நகல் எடுத்தபோதே இழுவை என்று ஐந்து விநாடியோடு வெட்டிவிட்டார்கள். முழு முகம் மூலச் சுருளில் மட்டும் இருந்தது, கிடங்கில்.

ஒவ்வொரு வருஷமும் காட்சி போடுவார்கள். கணவர் கூட வருவார். பாதியில் தூங்கிவிடுவார். முதல் தடவை பார்த்தபோது மட்டும், "பெட்டியை எடுத்துக்கிட்டு எங்க போறா இவ, சாப்பாட்டு நேரத்துல?" என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் படத்துப் பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்க அங்கே கண்ணாடிக்காரன் யாரும் இல்லை. போய்க்கொண்டே இருந்தாள். ஒட்டு அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. தான் ஒருத்தியை வெளியே அனுப்பிவைத்திருக்கிறோம் என்ற நினைப்பில் பதினெட்டு வருஷம் ஓடியது.

அவள் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது ஒரு பெண் பல் மருத்துவர் பிளாஸ்டிக் பையோடு வந்தார். அவருடைய தாத்தா ஊமைப்படக் கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வயலின் வாசித்தவராம். வயலின் பெட்டிக்குள் ஒரு நோட்டு இருந்ததாம். "எழுத்து எனக்குப் புரியல. நான் எழுதற மருந்துச்சீட்டை விட மோசம்" என்று சிரித்துவிட்டு, கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டார்.

காப்பகத்தை நடத்துகிற காப்பாளர் வெளியூரில் இருந்தார். நோட்டு ஒட்டு அக்காவின் மேசையிலேயே தங்கியது. மெதுவாகப் புரட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் எந்த இடத்தில் எந்த மெட்டு என்று குறித்திருந்தார். பாதி நோட்டில் "விளக்கு நேரம்" என்று ஒரு தலைப்பு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை.

ஆறு: கதவு. பெட்டியோடு போகிறாள். மெதுவாக ஆரம்பி.

ஏழு: ஸ்டேஷன் பெஞ்சு. ஒரே சுரம் போதும்.

எட்டு: அவன் தனியே சாப்பிடுகிறான். ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்து முடிக்கட்டும்.

ஒன்பது: திரும்பி வருகிறாள். விளக்கு. உட்கார்ந்ததும் நிறுத்து. முகம் இருக்கிறவரை வாசிக்காதே. கை வைத்தால் கெட்டது.

கடைசி வரியின் கீழே பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்தது.

நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். அந்த அலமாரியில் பதிவு ஆகாத சாமான்கள் வருஷக்கணக்கில் கிடக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். பல் மருத்துவருக்கு எழுத்துப் புரியாது. மூன்று மாதம் போனால் அவளும் இல்லை.

ஆனால் அவளுக்குத் தெரிந்த இன்னொன்று இருந்தது. மூலச் சுருள்கள் கெட ஆரம்பித்திருந்தன. இந்தச் சரக்கு கெடுவதற்கு ஒரு முறை உண்டு: முதலில் படம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், பிறகு தேன் மாதிரி நுரை கட்டும், பிறகு கல், கடைசியில் பழுப்புப் பொடி. மஞ்சள் சுருளின் முகப்பகுதி பிசுபிசுப்பில் நின்றது. அடுத்த மாதம் புதிய பாதுகாப்பு நகல் எடுத்து, மூலத்தை எரித்துவிட உத்தரவு வந்திருந்தது. எதை எவ்வளவு துடைத்து எடுக்க வேண்டும் என்ற பட்டியலில் ஆறாவது சுருளுக்கு எதிரே காப்பாளர் எழுதியிருந்தார்: "முகம்: முதல் ஐந்து விநாடி போதும்."

நாற்பது விநாடி முகம். விநாடிக்குப் பதினாறாக அறுநூற்று நாற்பது கட்டங்கள். ஒவ்வொன்றையும் கையால் துடைக்க வேண்டும். நடுவில் வருகிற இழுவைக்காக யார் துடைப்பார்கள்? கடைசியில் வருகிற முகம் என்றால் துடைப்பார்கள்.

ஆக, வாயைத் திறக்காமல் இருந்தால் படத்துப் பெண் போனவளாகவே இருப்பாள், முகம் எரிந்துபோகும். திறந்தால் முகம் பிழைக்கும், ஆனால் அவளைத் தன் கையாலேயே வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, வழக்கத்தில் பாதிதான் என்றார். அஜீரண மாத்திரை வந்தது. நின்று பார்த்தார். விழுங்கினாள்.

மூன்றாம் நாள் காப்பாளர் வந்ததும் நோட்டை அவர் மேசையில் வைத்தாள்.

காப்பாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், பேச்சில் மரியாதை உள்ளவர். உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு தரம் படித்தார். இது ஒரு கொட்டகையில் வாசித்தவர் எழுதியது, அந்தக் கொட்டகையில் வரிசை மாற்றி ஓட்டியிருக்கலாமே என்றார். ஓட்டியிருக்கலாம் என்றாள். ஆய்வு அட்டையை வரவழைத்துப் பார்த்தார். அதில் அவள் கையெழுத்து.

"குறி தெளிவில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தெளிவில்லாத இடத்துல ஒரு முடிவு எடுத்தீங்க. அதுல என்ன தப்பு?"

வெட்டிய வால்களை ஒரு டப்பாவில் போட்டுக் கிடங்கில் வைத்திருந்தாள். ஃபயர் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். திறந்தார்கள். மூக்குப்பொடி மாதிரி பழுப்பாகக் கொஞ்சம் இருந்தது. காப்பாளர் டப்பாவை மூடினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவள் பார்த்தாள். இனி சாட்சி என்று உலகத்தில் ஒன்றுதான், அவள்.

அவர் ஃபயரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன் என்றார். ஆனால் பதில் சொல்வதற்கு முன் யோசியுங்கள் என்றார். வாசலில் இருக்கிற கதவுப் படம், பேராசிரியரின் புத்தகம், எங்கெங்கோ பாடத்திட்டத்தில் சேர்த்திருப்பது, இந்தப் படத்தைச் சொல்லித்தான் காப்பகத்துக்குப் புதுக் கட்டிடம் வந்தது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார்.

"கோடு இல்லைன்னு நீங்க சொன்னா இந்த நோட்டும் பத்திரமா இருக்கும், படமும் பத்திரமா இருக்கும். நீங்களும் மாலை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். இப்ப கேக்கறேன். கோடு இருந்துச்சா?"

வெளியே தொலைபேசி அடித்தது. யாரோ கதவைத் தட்டி, "அக்கா, சங்கு" என்றார்கள்.

"இன்னும் கிளம்பலைன்னு சொல்லுங்க" என்றாள் ஒட்டு அக்கா. பிறகு காப்பாளரிடம், "இருந்துச்சு சார். ஆணியால ரெண்டு தரம் கீறின கோடு" என்றாள்.

"அப்ப ஏன் தெளிவில்லைன்னு எழுதினீங்க?"

"அவ போகட்டும்னு நினைச்சேன்."

"யாரு?"

"படத்துல இருக்கறவ."

காப்பாளர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு டப்பாவின் மூடி சரியாக உட்காராவிட்டால் பார்ப்பது போல இருந்தது அது. கோபம்கூட வரவில்லை அவருக்கு. அலுப்புத்தான் வந்தது.

"மூணு மாசத்துல போயிடப் போறீங்க. போன பிறகு ஒரு கடிதாசி போட்டிருக்கக் கூடாதா அக்கா?"

"அதுக்குள்ள முகத்தை எரிச்சிடுவீங்களே."

அன்று மாலையே அவர் ஒரு கடிதம் தயார் செய்தார். வரிசையைத் திருத்துவதற்கு அவள் கைப்பட ஒரு வாக்குமூலம் வேண்டும். அதில், "கோட்டைக் கீறல் என்று தவறுதலாக நினைத்துவிட்டேன்" என்று இருந்தது. தவறுதலாக இல்லை சார் என்றாள். தெரிந்தே என்று எழுதினால் விசாரணை வரும், விசாரணை வந்தால் அது முடிகிறவரை ஒருவரும் சுருளைத் தொட முடியாது, அதற்குள் முகம் பொடியாகிவிடும் என்றார் காப்பாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் வேண்டுமென்று செய்த ஒரே காரியத்துக்குத் தவறு என்று பெயர் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

பேராசிரியரிடம் காப்பாளர் போனில் சொன்னார். அவர் அதை இரண்டு தரம் சொல்லச் சொன்னாராம். பிறகு, வயலின்காரர் குடிப்பழக்கம் உள்ளவரா என்று விசாரிக்க முடியுமா என்று கேட்டாராம்.

மூன்று வாரம் முகத்தைத் துடைத்தாள். கையுறை போட்டு, மெல்லிய துணியில் மருந்தைத் தொட்டு, கட்டம் கட்டமாக. உட்கார்ந்திருப்பது கிடங்கை ஒட்டிய சின்ன அறை. ஜன்னல் இல்லை. வெளியே ஃபயர், மச்சான் வீட்டுக்குக் கூரை போட ஆள் வந்ததையும், ஆள் ஏணியோடு ஓடிப்போனதையும் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா?" "இருக்கேன்."

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த முகத்தை ஒரு தடவைதான் சரியாகப் பார்த்தாள். பார்த்ததும் வேகமாகச் சுழற்றிவிட்டாள். இப்போது வேகமாகப் போக வழியில்லை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கட்டம். அந்தப் பெண் அழவில்லை. சிரிக்கவுமில்லை. நூற்றுப் பத்தாவது கட்டத்தில் எச்சில் விழுங்கினாள். இருநூற்று எழுபதில் கண் மூடித் திறந்தது. நானூறு வாக்கில் பார்வை ஒரு பக்கமாக நகர்ந்தது, அங்கே யாரோ ஏதோ கேட்டது மாதிரி. உதடு லேசாகப் பிரிந்தது. பதில் சொன்னாளா இல்லையா என்று ஒட்டு அக்கா ஒரு முழு நாள் பார்த்தாள். சொல்லியிருக்கிறாள். ஒரு சொல்தான். தண்ணீரைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. ரயில் நிலையப் பெஞ்சில் அவள் பக்கத்தில் பெட்டி இருந்தது. திரும்பி வரும்போது கையில் இல்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று புடவையையும் மடித்து வைத்தது ஞாபகம் வந்தது.

கடைசியாக வரிசை மாற்ற வேண்டும். தான் போட்ட ஒட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை. நல்ல ஒட்டு, பதினெட்டு வருஷத்தில் இம்மியும் அசையவில்லை. பக்கத்தில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நீலத்தை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வைத்தாள். மஞ்சளைக் கடைசியில் வைத்தாள். பசை தடவி அழுத்திப் பிடித்தாள். பத்து எண்ணியதும் கையை எடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் காட்சி வைத்தார்கள். "போனவள்" என்ற பெயரை எடுத்துவிட்டு "விளக்கு நேரம்" என்று போட்டிருந்தது. முன்வரிசைக்கு முன்னால் எட்டு வாத்தியக்காரர்கள். காப்பாளர் மேடையேறி, ஓர் ஊழியரின் கண்ணில் ஏற்பட்ட சிறு தவறால் இத்தனை காலம் வரிசை மாறியிருந்தது என்றும், அந்த ஊழியரே பெருந்தன்மையோடு அதைத் திருத்தித் தந்தார் என்றும் சொன்னார். கை தட்டினார்கள். கணவர் பெருமையாக அக்கம்பக்கம் பார்த்தார். கண்ணாடி மாற்றச் சொல்லி எத்தனை நாளாகச் சொல்கிறேன் என்றார் அவள் காதில்.

கதவு வந்தது, நடுவில். யாரோ பழக்கதோஷத்தில் கை தட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். ரயில் நிலையம் வந்தது. கணவன் தனியாகச் சாப்பிட்டான், ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு அவள் வீட்டுக்குள் வந்தாள், விளக்கேற்றினாள், உட்கார்ந்தாள். வாத்தியக்காரர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். முகம்.

அரங்கத்தில் நாற்பது விநாடி என்பது நீளம். ஒருவர் இருமினார். ஒருவர் வாயிலிருந்து வந்த பெருமூச்சு எல்லோருக்கும் கேட்டது. நாற்காலிகள் முனகின. ஒட்டு அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாக் கட்டமும் இருந்தது.

விளக்குப் போட்டதும் கை தட்டல் வந்தது, மழை வருமா வராதா என்பது போல. காப்பாளர் ஒட்டு அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். நடுவரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். கல்லூரியில் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் தான் ஒரு முடிவு எடுத்ததாகச் சொன்னாள். என்ன முடிவு என்று சொல்லவில்லை.

"எதுக்குங்க அவளைத் திரும்பக் கூட்டிட்டு வந்தீங்க?"

மைக்கை யாரோ ஒட்டு அக்காவிடம் கொடுத்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவ அன்னிக்கே வந்துட்டாம்மா. நான்தான் இத்தனை வருஷம் வெளியில நிறுத்தி வச்சிருந்தேன்."

அரங்கம் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டது. காப்பாளர் அவசரமாகச் சிரித்து மைக்கை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொள்கிறவரை ஒட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் இருந்தது. கணவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். இந்தத் தடவை அவர் தூங்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

"பழைய முடிவுதான் நல்லா இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எது?"

"போறாளே, அது. போனவ போனவளாவே இருந்திருக்கலாம். ஒரு கம்பீரம் இருந்துச்சு. இதுல என்னடான்னா முகத்தையே காட்டிக்கிட்டு இருக்காங்க."

"நீங்க பார்த்தீங்களா முகத்தை?"

"பார்த்தேனே. கடைசி வரைக்கும்."

"என்ன தெரிஞ்சுது?"

அவர் நேர்மையான மனிதர். தராசில் வைத்த சாமானைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து, முள் நிற்கிறவரை யோசித்தார்.

"ஒண்ணும் தெரியல" என்றார். "பசிச்சிருக்கும் பாவம்."

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அவளை முன்னால் ஏறவிட்டு, ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லி, குடையை மடக்கிக் காலடியில் வைத்துக்கொண்டு அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு அவரே ஊரைச் சொல்லி இரண்டு டிக்கெட் வாங்கினார்.